கயிற்றின் மறுமுனை: தோணிக் காலத்திலிருந்து அமேசான் வரிசை வரை

சென்ற பதிவில் பழைய துறைமுகத்துக் கிட்டங்கிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கூடவே காலை நடை வரும் நண்பர் ஒருவர், "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான நடக்கு, அதுல கிட்டங்கி எங்க இருக்கு?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டரிலும் கிட்டங்கி இருக்கிறது. அதற்கு 'மெசேஜ் கியூ' என்று பெயர். செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம். துறைமுகத்து வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில், அது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கயிறு, இரண்டு பேர்

நம் கடற்கரையில் செய்தி அனுப்புவதில் மிகப் பழைய முறை முத்துக்குளிப்பில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருக்கும்போது பார்களுக்குப் படகுகள் போகும். தொலையாயிரம் பார் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியாளி கீழே இறங்குவார். சிப்பியை வலைப்பையில் அள்ளிப் போடுவார். மூச்சு தீரும் நேரத்தில் கயிற்றை ஓர் இழு இழுப்பார். மேலே படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே தூக்க வேண்டும்.

அந்த ஓர் இழுப்புதான் செய்தி. அதில் எழுத்து இல்லை, சொல் இல்லை. ஆனால் மேலே இருப்பவர் கவனிக்காமல் போனால் ஓர் உயிர் போய்விடும். அதனால்தான் கயிறு பிடிக்க உடன்பிறந்தவனை நம்பாதே, மைத்துனனை நம்பு என்று நம் பக்கம் ஒரு வழக்கு உண்டு. தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க எந்த மைத்துனன் விடுவான்? செய்தியைப் பெறுகிறவனுக்கும் அதில் இழப்பு இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை வேண்டியிருக்கும்.

கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டில் எண்ணிப் பிரிப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். கடலிலிருந்து வந்த சரக்கு ஏலக்காரருக்காகக் காத்திருக்க ஓர் இடம், எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு, கைமாறியதற்கு ஒரு சாட்சி, மூன்றும் அங்கே இருந்தன. 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்த மூன்று தேவைகளும் துறைமுகத்தில் தொடர்ந்தன.

தோணியும் மேட்ஸ் ரிசீட்டும்

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தூத்துக்குடி 'துறைமுகம்' என்று பேர் பெற்றிருந்த காலத்தில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வந்ததில்லை. கரையோரம் ஆழம் கிடையாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இந்தத் துறைமுகத்திலிருந்துதான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கைச் சுமந்தது தோணிகள். புதுத் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழையதும் புதியதும் 1979 ஏப்ரல் 1 அன்று ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன.

நான் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது புதுத் துறைமுகம் வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த டேலி கிளார்க்குகள் எல்லாரும் தோணிக் காலத்து ஆட்கள். அவர்கள் அடிக்கடி சொல்லும் பாடம் ஒன்று: "கப்பலுக்குக் கரையைத் தெரியாது, கரைக்குக் கப்பலைத் தெரியாது. நடுவுல இருக்கிறவன்தான் ரெண்டையும் தெரிஞ்சவன்."

யோசித்துப் பாருங்கள். கப்பல் அதன் வேகத்தில் சரக்கை இறக்கும். கரையில் வண்டி அதன் வேகத்தில் வரும். இரண்டு வேகமும் ஒன்றாக இருக்க முடியாது. தோணியும் கிட்டங்கியும் நடுவில் இருந்ததால் ஒருவருக்காக மற்றவர் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கச்சான் காற்று வலுத்து ஒரு நாள் தோணி ஓடாவிட்டாலும் கிட்டங்கியில் வந்து சேரும் மூட்டைகள் வந்துகொண்டே இருக்கும். காற்று தணிந்ததும் கப்பலுக்குப் போகும்.

இதில் உயிர்நாடி மேட்ஸ் ரிசீட் என்ற காகிதம். மூட்டைகள் கப்பலில் ஏறியதும் கப்பலின் தலைமை மேட் எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார். மூட்டை கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், குறைந்திருந்தால் அதையும் அதில் எழுதிவிடுவார். அந்தக் காகிதத்தைக் கொடுத்தால்தான் கப்பல் கம்பெனி 'பில் ஆஃப் லேடிங்' கொடுக்கும். அது இருந்தால்தான் பேங்கில் பணம். அந்தக் கையெழுத்து விழும்வரை மூட்டைக்குப் பொறுப்பு கரைக்காரர்களுடையது. விழுந்த பிறகு கப்பலுடையது. 'அனுப்பிவிட்டேன்' என்ற பேச்சுக்கு மதிப்பே கிடையாது. 'பெற்றுக்கொண்டேன்' என்று எதிர்த்தரப்பு சொன்னால்தான் கணக்கு முடியும்.

தந்தி ஆபீசின் நாடா

இதே முறை சொற்களுக்கும் இருந்தது. சின்ன ஊரிலிருந்து தந்தி நேராக வெளியூர்க்காரர் வீட்டுக்குப் போய்விடாது. நடுவில் ஒரு பெரிய தந்தி ஆபீசில் வாங்கி, எழுதி வைத்து, அடுத்த கம்பி காலியானதும் மேலே அனுப்புவார்கள். டெலிபிரிண்டர் வந்த பிறகு உலகத்துப் பெரிய நிலையங்களில் துளையிட்ட காகித நாடாவாகச் செய்தி வந்து விழும். ஊழியர் அதைக் கிழித்து, போக வேண்டிய திசைக்கு உரிய கொக்கியில் மாட்டுவார். அந்தத் திசையின் இயந்திரம் ஓய்ந்ததும் எடுத்துப் பொருத்துவார். கொக்கியில் தொங்கும் நாடாக்கள்தான் காத்திருக்கும் வரிசை. பின்னாளில் நம் தந்தித் துறையிலும் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. 'சேமித்து, பிறகு அனுப்பு' என்பதே அந்த இயந்திரத்தின் பெயர். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது பலரும் கண்ணீர் விட்டு எழுதினார்கள். அதன் முறை மட்டும் சாகவில்லை, வேறு உடம்புக்குள் போய்விட்டது.

கேட்டில் நின்ற இறால் கண்டெய்னர்

கண்டெய்னர் வந்ததும் மூட்டை எண்ணும் வேலை குறைந்து, செய்தி அனுப்பும் வேலை பெருகியது. ஒரு பெட்டி கேட்டுக்குள் வந்தால் ஒரு செய்தி, கப்பலில் ஏறினால் ஒரு செய்தி, கப்பலில் எந்த இடத்தில் எந்தப் பெட்டி என்று ஒரு செய்தி. இவற்றுக்கெல்லாம் 'எடிஃபாக்ட்' என்று ஐ.நா. வகுத்த ஒரு பொது வடிவம் உண்டு. 1987இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. கேட் செய்திக்குக் கோடெகோ, ஏற்றி இறக்கிய கணக்குக்குக் கோவாரி, கப்பலின் அடுக்குப் படத்துக்குப் பேப்லி என்று பெயர்கள். எனக்கு அதில் பிடித்தது அதன் கடைசி வரி. இந்தச் செய்தியில் மொத்தம் இத்தனை பகுதிகள் என்று எண்ணிக்கை சொல்லி முடியும். டேலி ஷீட்டின் அடியில் மொத்தம் போடுவது போலவே.

கஸ்டம்சும் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. பிறகு ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் ஐஸ்கேட் வழியாகப் போகலாயின. துறைமுகங்களுக்குள் செய்தி பரிமாற ஒரு பொது அமைப்பும் வந்தது. 2018 டிசம்பரில் அது புதிய வடிவில் திறக்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் நடுவில்தான் நான் கண்ணால் கண்ட ஒன்று நடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஏற்றுமதியாளரின் உறைந்த இறால் கண்டெய்னர் நேரத்துக்குக் கேட்டுக்குள் வந்துவிட்டது. கேட் கம்ப்யூட்டர் 'பெட்டி வந்தது' என்று செய்தி அனுப்பியது. எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் அந்த அரை மணி நேரம் பழுதுபார்ப்பில் இருந்திருக்கிறது. அனுப்பியது அனுப்பியதாகவே கணக்கு வைத்துக்கொண்டது. பெறவேண்டியது எதையும் பெறவில்லை. நடுவில் செய்தி தங்க ஓர் இடம் இல்லை. ஏற்றவேண்டிய பெட்டிகளின் பட்டியலில் அந்த எண் வரவில்லை. கப்பல் அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அடுத்த கப்பல் வரும்வரை குளிரூட்ட மின்சாரக் கட்டணம், நாள் வாடகை, தாமதமான ஏற்றுமதிக்கு வாங்குபவரோடு விலைப் பேரம் என்று எல்லாம் ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தது. இரவு முழுக்கக் கேட்டுக்கும் ஆபீசுக்கும் அலைந்த லாரி டிரைவருக்கு அடுத்த டிரிப் போனது. செய்தியைத் தொலைத்த இரு தரப்புக்கும் ஒரு பைசா இழப்பில்லை. "எங்க சிஸ்டத்துல அனுப்பிட்டோம் சார்" என்று ஒருவர். "எங்க சிஸ்டத்துக்கு வரல சார்" என்று இன்னொருவர். இரண்டு பேரும் சொன்னது உண்மை. மேட்ஸ் ரிசீட் இல்லாத உலகத்தில் இரண்டு உண்மைக்கு நடுவே ஒரு லோடு இறால் மாட்டிக்கொள்ளும்.

செய்திக்கு ஒரு கிட்டங்கி

இந்தக் கஷ்டம் உலகம் முழுக்க இருந்தது. அதற்கு மருந்து தேடியவர்களில் நம் நாட்டில் பிறந்தவர்களும் உண்டு. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் விலைச் செய்தியைப் பலருக்கும் உடனுக்குடன் கொண்டுசேர்க்கும் மென்பொருளைச் செய்தார். டிப்கோ கம்பெனி அதிலிருந்து வந்தது. 1993இல் ஐ.பி.எம். கம்பெனி எம்.கியூ. என்ற காத்திருப்பு வரிசையைக் கொண்டுவந்தது. பேங்குகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

பிறகு அமேசான் கம்பெனி 2004இல் 'சிம்பிள் கியூ சர்வீஸ்' என்பதைச் சோதனைக்கு விட்டு, 2006இல் முழுதாகத் திறந்தது. இதன் விசேஷம் என்னவென்றால், கிட்டங்கியை நாம் கட்ட வேண்டியதில்லை. வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மூட்டை வைத்தோமோ எடுத்தோமோ அதற்கு மட்டும் கூலி. 'கிளவுட்' என்று சொல்வது இதைத்தான். மேகத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் மும்பையிலோ ஹைதராபாத்திலோ நிலத்தில் நிற்கும் கட்டடங்களில்தான் இருக்கிறது.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு விடுமுறையில் வந்தபோது, இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னேன். பைத்தான் என்ற மொழியில் எழுதுகிறான். வரிசையோடு பேசுவதற்கு ஆயத்தமாக ஒரு கருவிப்பெட்டி இருக்கிறது. அதை 'லைப்ரரி' என்கிறார்கள். அதன் பெயர் போட்டோ. நாம் எடுக்கும் போட்டோ இல்லை. அமேசான் ஆற்றில் நீந்தும் ஒரு வகை ஓங்கலுக்கு அந்தப் பெயராம். இப்போது புழங்குவது மூன்றாம் பதிப்பு, 2015இல் வந்தது.

மூன்றே மூன்று கட்டளைகள் போதும் என்றான். அனுப்பு, வாங்கு, அழி.

அனுப்பு என்றால் செய்தி வரிசைக்குள் போய் உட்காரும். அமேசான் அதைப் பல இயந்திரங்களில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். வேறு ஏதும் சொல்லாவிட்டால் 4 நாள் காத்திருக்கும். வேண்டுமானால் 14 நாள் வரை நீட்டலாம். எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் தூங்கினாலும் பரவாயில்லை.

வாங்கு என்றால் ஒரே தடவையில் 10 செய்தி வரை எடுக்கலாம். எடுத்ததும் செய்தி அழிந்துவிடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும், சாதாரணமாக 30 விநாடி. அதற்குள் வேலையை முடித்து 'அழி' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எடுத்தவன் நடுவழியில் விழுந்துவிட்டான் என்று வரிசை முடிவு செய்து, செய்தியை மறுபடி எல்லார் கண்ணுக்கும் காட்டும். வேறொருவன் எடுத்துச் செய்வான்.

'அழி' என்று சொல்லும்போது சும்மா சொல்ல முடியாது. வாங்கும்போது வரிசை ஒரு சீட்டு எண் கொடுக்கும். அதைத் திருப்பிக் காட்டினால்தான் அழிக்கும். அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரிசீட் ஹேண்டில்'. அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். "என்ன மாமா?" என்றான். "ஒண்ணுமில்ல மாப்ள, எங்க மேட்ஸ் ரிசீட்டுதான் இது. கையெழுத்துதான் இல்ல" என்றேன்.

இரண்டு தடவை வந்தால்?

பிறகு என் பழைய டேலி கிளார்க் புத்தி வேலை செய்தது. "ஒருத்தன் வேலையை முடிச்சிட்டு, அழின்னு சொல்றதுக்கு முந்தி கரண்ட் போயிருச்சுன்னா?" என்று கேட்டேன். மறுபடி வரும் என்றான். அதாவது ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். சாதாரண வரிசையில் 'குறைந்தது ஒரு தடவையாவது தருவேன்' என்றுதான் அமேசானே உறுதி சொல்கிறது. 'ஒரே ஒரு தடவை' என்று சொல்வதில்லை. முன்பின்னாகவும் வரலாம். வந்த வரிசைப்படியே கொடுக்கும் இன்னொரு வகையை 2016இல் கொண்டுவந்தார்கள். அதற்கு வேகம் கொஞ்சம் குறைவு.

இதை எப்படிச் சமாளிப்பது? நம் தொழிலில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் 4 எழுத்தும் 7 எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி எண், முந்தியவை சரிதானா என்று சோதிக்கும் எண். ஒரே கப்பல் பயணத்துக்கு ஒரே கண்டெய்னர் எண்ணில் 'ஏற்றியாயிற்று' என்று இரண்டாம் தடவை செய்தி வந்தால், 'இது ஏற்கெனவே வந்தது' என்று ஒதுக்கிவிட வேண்டும். பெறுகிற நிரலை எழுதுபவர் இந்தக் கவனத்தோடு எழுதாவிட்டால் ஒரு பெட்டிக்கு இரண்டு பில் போகும். லைப்ரரி இதைச் செய்து தராது. மனிதன்தான் செய்ய வேண்டும்.

சேராத கடிதங்கள்

இன்னொன்றும் காட்டினான். ஒரு செய்தியில் ஏதோ கோளாறு, எடுக்கிற ஒவ்வொரு நிரலும் அதைப் படிக்க முடியாமல் விழுகிறது என்று வையுங்கள். அது திரும்பத் திரும்ப வரிசைக்கு வந்து எல்லாரையும் விழவைக்கும். அதனால் இத்தனை தடவைக்கு மேல் தோற்றால் தனி வரிசைக்கு மாற்று என்று சொல்லிவைக்கலாம். அதற்கு 'டெட் லெட்டர் கியூ' என்று பெயர். தபால் துறையிலிருந்து எடுத்த பெயர்தான். முகவரியும் சரியில்லாமல், அனுப்பியவரும் தெரியாமல் போன கடிதங்களுக்குத் தபால் இலாகாவில் தனி ஆபீசே உண்டு. நாம் ஆர்.எல்.ஓ. என்போமே, அது. அங்கே ஒரு குமாஸ்தா கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஏதாவது முகவரி இருக்கிறதா என்று தேடி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப் பார்ப்பார்.

நான் மருமகனிடம் கேட்டேன், "உங்க ஆபீஸ்ல அந்தத் தனி வரிசையை யார் தினமும் பிரிச்சுப் பார்க்கறது?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அலாரம் வெச்சிருக்கோம் மாமா. ஆனா ஆள்னு யாருக்கும் பேர் எழுதி வைக்கல" என்றான்.

என் கவலை அங்கேதான். கருவி நன்றாகத்தான் இருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ஒரு கெட்ட நிரல் முடக்கியபோது, மும்பை பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் முனையமே ஸ்தம்பித்தது. எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் ஒரு பக்கம் விழத்தான் செய்யும். விழுந்த பக்கம் எழுந்திருக்கும்வரை செய்தியைப் பத்திரமாக வைத்திருக்க நடுவில் கிட்டங்கி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கிட்டங்கிக்குப் பூட்டு மட்டும் போதாது, சாவி வைத்திருக்கும் ஆளும் வேண்டும்.

தோணிக் காலத்தில் ஒரு மூட்டை குறைந்தால் யார் கூலியில் பிடிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த முறையில் ஏழைகளுக்கு அநியாயமும் நிறைய நடந்தது, அதை மறைக்கவில்லை. இன்றைக்கு ஒரு செய்தி குறைந்தால் பொறுப்பு யார் என்று தெரிவதில்லை. இழப்பு மட்டும் யாருக்கு என்று தெரிகிறது. இறால்காரருக்கும் லாரி டிரைவருக்கும்.

ஆகவே இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு கிழவன் சொன்னதாகச் சொல்லுங்கள். வரிசையை யாரிடம் வாடகைக்கு எடுத்தாலும் சரி, எந்த லைப்ரரியை வைத்து எழுதினாலும் சரி. சேராத செய்திகள் போய் விழும் அந்தத் தனி வரிசைக்கு ஓர் ஆளை நியமியுங்கள். தினமும் காலையில் அவர் அதைத் திறந்து பார்க்கட்டும். பெட்டி எண்ணைப் பார்த்து, ஏற்றுமதியாளருக்கு ஒரு போன் போடட்டும். அந்த ஆள் மைத்துனனாக இருக்க வேண்டியதில்லை. மைத்துனனைப் போலக் கயிற்றைப் பிடித்திருந்தால் போதும்.

என் தங்கை மகன் ஊருக்குத் திரும்பிய வாரமே போன் செய்தான். பெயர் எழுதிவைத்துவிட்டார்களாம். முதல் மாதம் அவன் முறை.